கடுகண்ணாவையில் நின்ற எல்200: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

வத்தளை மரக்கறிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1999 மிட்சுபிஷி எல்200 டபுள் கெப். 4டி56 டர்போ டீசல் இன்ஜின், அதற்கு டீசலை அமுக்கிக் கொடுக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப். கிழமைக்கு இரண்டு தடவை நுவரெலியா. போகும்போது பெயின்ட் டின்னும் பைப்பும், வரும்போது லீக்ஸும் கரட்டும். விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தைக்குள் நுழைந்துவிட வேண்டும்.

மூன்று மாதமாக வண்டிக்கு ஒரு வியாதி. காலையில் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் அவ்வளவுதான், ஸ்டார்டர் சுற்றும், சுற்றும், இன்ஜின் பிடிக்காது. போன செவ்வாய் கடுகண்ணாவை ஏற்றத்தில், பாறையைக் குடைந்த பழைய வழிக்குக் கொஞ்சம் கீழே, பிளேன்டி குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி அசையவில்லை. நாற்பது நிமிடம் பெயின்ட் டின்களுக்குக் காவல் இருந்தேன். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

கராஜில் காட்டினேன். பாஸ் பொனட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரமாக இருந்த இடத்தை விரலால் தடவி மணந்து பார்த்தார். "பம்ப் முடிந்தது, டுபாயிலிருந்து வந்த பெரிய பம்ப் ஒன்று இருக்கிறது, ஒன்றரை இலட்சம், இழுவையும் கூடும்" என்றார். பரிசோதனை அவ்வளவுதான், ஒரு விரலும் ஒரு மூக்கும்.

புதிய வண்டி பற்றிப் பேச வேண்டாம். 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025இல் திறந்தும், விலையைக் கேட்டால் பழைய கெப்பைக் கும்பிடத்தான் தோன்றுகிறது. பம்பை மாற்றவா? மாற்றினால் அந்தப் பெரிய பம்பா?

கொட்டாஞ்சேனை கிளச்:
சூடானதும் ஸ்டார்டர் சுற்றும் வேகம் குறைகிறதா? என் வானில் ஏர்த் வயர் கறள் பிடித்து இதே கூத்து. டீசல் இன்ஜின் வேகமாகச் சுற்றாவிட்டால் பிடிக்காது. முதலில் அதைப் பாருங்கள்.

வத்தளை மரக்கறிக்காரன்:
பார்த்தேன் அண்ணே. சுற்றும் சத்தம் காலையில் கேட்பது போலவேதான். பேட்டரி இரண்டு மாதப் பழசு.

பம்ப்ரூம் நானா:
தம்பி, நான் மருதானைப் பக்கம் டீசல் பம்ப் திருத்தும் பம்ப் ரூமில் இருபத்திரண்டு வருடம் நின்றவன். இப்போது கண் சரியில்லை, வீட்டில் இருக்கிறேன். பம்பை மாற்றுவதற்கு முன் ஒரு துணியை எடு.

உன் வண்டியில் இருப்பது விஈ வகைப் பம்ப். பொஷ் கம்பனியின் அமைப்பு, ஜப்பானில் டென்சோவும் ஸெக்ஸலும் அனுமதி வாங்கிச் செய்தார்கள். இதில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளஞ்சர். அது சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய் ஒவ்வொரு பைப்பாக டீசலைப் பங்கு போடும். பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மைக்ரோன் கணக்கு, தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியது. அதை அடைப்பதற்கு றப்பர் சீல் கிடையாது, டீசலே தான் சீல், டீசலே தான் எண்ணெய்.

பிளஞ்சர் தேய்ந்தால் என்ன நடக்கும்? டீசல் குளிராக இருக்கும்போது தடிப்பாக இருக்கும், தேய்ந்த இடத்தாலும் அவ்வளவாக நழுவாது. சூடானால் தண்ணியாகிவிடும். ஸ்டார்டர் சுற்றும் மெதுவான வேகத்தில், அமுக்கிய டீசல் எல்லாம் பக்கத்தால் நழுவிப் போகும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கப் போதாது. அதே பம்ப் இன்ஜின் ஓடும்போது வேகத்தில் சமாளித்துவிடும். அதனால்தான் உன் வண்டி ஏற்றத்தில் இழுக்கிறது, நிறுத்தினால் மட்டும் சண்டித்தனம் பண்ணுகிறது.

அடுத்த முறை இப்படி நின்றால், தண்ணீரில் நனைத்த துணியை பம்பின் பின்பக்கம், நான்கு இரும்புப் பைப்பும் வெளியே வரும் தலையில், போர்த்து. ஐந்து நிமிடம் பொறு. ஸ்டார்ட் ஆனால் ஹெட் ரோட்டர், அதாவது அந்தப் பிளஞ்சரும் அது ஓடும் தலையும், தேய்ந்துவிட்டது. ஆனால் இன்ஜின் ஓடும்போது பச்சைத் தண்ணீரை வாளியோடு ஊற்றிவிடாதே. திடீரென்று குளிர்ந்து உள்ளே இறுகிப் பிடித்தால் அப்புறம் உண்மையாகவே புதிய பம்ப் தான்.

துணிக்கும் அசையாவிட்டால் இரண்டு சந்தேகம். ஒன்று, பம்பின் மேல் இருக்கும் கட் ஓப் சொலனொய்ட், டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு. சாவியைப் போடும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். சூட்டில் கொயில் விட்டுப்போனால் சத்தம் வராது. மற்றது காற்று. 4டி56இல் பில்டர் தலையில் கையால் அமுக்கும் பிரைமர் இருக்கிறதே, அதன் றப்பர் வெடித்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி கண்ணாடிக் குழாய் போட்டுப் பார், குமிழ் ஓடினால் தெரியும்.

மேலே ஈரம் இருப்பது சீல் கிட் வேலை. அதற்காகப் பம்பை எறிவது, காலில் முள் குத்தியதற்குக் காலை வெட்டுவது போல.

சில்வர் ஹைலக்ஸ்:
நானா சொல்வதைக் கேளுங்கள். நான் கேட்காமல் கெட்டவன். என்னுடையது 2கேடி கொமன் ரெயில் ஹைலக்ஸ், அதாவது பம்ப் டீசலை அமுக்கி ரெயில் என்ற ஒரு பொதுக் குழாயில் சேர்த்துவைக்கும், அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் போகும். ஐட்லில் ஏறி இறங்கும், எக்ஸலேட்டரை விட்டால் சில நேரம் பொத்தென்று நின்றுவிடும். ஸ்கேனரில் பி0087, அதாவது ரெயிலில் அமுக்கம் குறைவு. "ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது" என்று சொல்லி ஒரு கராஜில் ரீகண்டிஷன் பம்ப் பூட்டினார்கள். இரண்டு கிழமை நன்றாக ஓடியது, மூன்றாம் கிழமை அதே வியாதி.

பிறகு வேறொருவர் பம்பின் மேல் இருக்கும் எஸ்சிவி என்ற சின்ன வால்வை மட்டும் கழற்றிக் காட்டினார். டென்சோ எச்பி3 பம்புக்குள் எவ்வளவு டீசலை விடுவது என்று கம்ப்யூட்டர் இந்த வால்வை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. அது தூசியிலும் தேய்மானத்திலும் சிக்கிச் சிக்கி அசைந்தால் அமுக்கம் தள்ளாடும். நான் 'புதிதாக' வாங்கிய பம்பின் வால்வும் பழசுதான். வால்வை மாற்றி, ஸ்கேனரில் பம்பைத் திரும்பக் கற்றுக்கொள்ள வைத்த பிறகு ஒரு வருடமாகக் கரைச்சல் இல்லை. என் பழைய பம்ப் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறது. மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் பார்ப்பார்.

ஸ்காபரோ தம்பி:
நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து கனடா வந்தவன். இங்கே பிக்கப் வைத்திருப்பவர்கள் பம்ப் என்றாலே சிபி4 பற்றித்தான் பேசுவார்கள். பொஷ்ஷின் இந்தப் பம்ப் 2011இலிருந்து ஃபோர்டின் 6.7 லீட்டர் டீசலிலும், 2011 முதல் 2016 வரை ஜீஎம் டியூராமக்ஸிலும் வந்தது. உள்ளே உருளை உள்ள டப்பெட் ஒன்று இருக்கிறது. அது திரும்பிவிட்டால் உருளை உருளாமல், அதைத் தள்ளும் கேமில் உராயும், இரும்புத் தூள் கிளம்பும். அந்தத் தூள் பம்போடு நிற்காது, ரெயில், இன்ஜெக்டர், டீசல் தாங்கி வரை போய்விடும். முழுச் சிஸ்டத்தையும் மாற்றினால் சில பேருக்கு வண்டி விலையில் கால்வாசி போகிறது.

ரேம் கம்பனி தன் 2019, 2020 டீசல் வண்டிகளுக்கு இதே பம்பைப் போட்டு, 2021இல் திரும்ப அழைத்து, முந்திய சிபி3 பம்பையே பூட்டிக்கொடுத்தது. அதனால் இங்கே சிபி3 மாற்றும் கிட் நன்றாக விற்கிறது. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் ஒரு பைபாஸ் கிட் போடுகிறார்கள். அது பம்ப் உடைவதைத் தடுக்காது. உடைந்தால் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல், திரும்பிப் போகும் பைப்பால் தாங்கிக்கு அனுப்பிவிடும், அவ்வளவுதான். கூடவே தாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் ஒரு எலெக்ட்ரிக் லிப்ட் பம்பும் நல்ல தண்ணீர்ப் பிரிப்பானும். அண்ணாவும் ஒரு லிப்ட் பம்ப் போட்டால் என்ன? விரும்பினால் இங்கிருந்து அனுப்புகிறேன்.

பம்ப்ரூம் நானா:
மகன், உன் மனதுக்கு நன்றி. ஆனால் அங்கே உள்ள மருந்து இங்கே உள்ள நோய்க்கு இல்லை. விஈ பம்புக்குள்ளேயே இறக்கை வைத்த உறிஞ்சு பம்ப் ஒன்று இருக்கிறது. அது கூட்டும் உள் அமுக்கத்தை வைத்துத்தான் டைமிங், அதாவது டீசல் தெளிக்கும் நேரம், முன்னே பின்னே போகும். வெளியிலிருந்து பலமான லிப்ட் பம்ப் தள்ளினால் உள் அமுக்கம் ஏறி டைமிங் முந்திவிடும், இன்ஜின் கட கட என்று தட்டும். ஷாஃப்ட் சீலும் தாங்காது, டீசல் வெளியே கசியும். போடுவதானால் மூன்று நான்கு பீஎஸ்ஐக்கு மேல் போகாத சின்னது போதும். அதுவும் காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்த பிறகு. இல்லாவிட்டால் ஓட்டையை மறைத்துவிட்டு நோயை வளர்ப்பதாகிவிடும்.

கரும்புகை:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். பம்பின் பின்பக்கம், எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்தும் புல் லோட் ஸ்க்ரூ இருக்கிறது. லொக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று உள்ளே விட்டேன், டர்போ அமுக்கத்தை அறியும் டயப்ரத்தின் ஊசியையும் திருப்பினேன். கடுகண்ணாவையை மூன்றாம் கியரில் ஏறுகிறேன். செலவு ஒரு ஸ்பானர். ஆஸ்திரேலியாவில் நிசான் பட்ரோல் ஜீப்பின் டிடி42 இன்ஜினுக்கு 11, 12 மில்லிமீட்டர் பிளஞ்சர் போட்டு ஓடுகிறார்கள். நாம் மட்டும் ஏன் நடுங்க வேண்டும்?

வெள்ளவத்தை 57:
கரும்புகை அண்ணே, பெயரிலேயே பதில் இருக்கிறது. டீசல் கூடினால் காற்றும் கூட வேண்டும், இல்லாவிட்டால் எரியாத டீசல் புகையாகப் போகும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஸ்க்ரூவைத் திரும்ப வெளியே எடுக்கிறீர்கள், இல்லையா?

புகையை விடுங்கள், சூடு தான் பெரிய ஆபத்து. ஏற்றத்தில் பாரத்தோடு அழுத்தும்போது டர்போவுக்கு முன்னே புகைக்குழாயில் 700 பாகை செல்சியஸைத் தாண்டினால் பிஸ்டனும் ஹெட்டும் கதறத் தொடங்கும். 4டி56இன் அலுமினிய ஹெட் சூட்டில் வெடிப்பதற்குப் பேர்போனது. ஆஸ்திரேலியர்கள் 12 மில்லிமீட்டர் போடும்போது இன்டர்கூலர், பெரிய டர்போ, சூட்டுமானி எல்லாம் சேர்த்துப் போடுகிறார்கள். டிடி42 4.2 லீட்டர், ஆறு சிலிண்டர், இரும்பு. நம்முடையது 2.5 லீட்டர், முதுகில் ஒரு தொன் கரட். மரக்கறிக்காரரே, அந்த டுபாய்ப் பம்புக்கும் இதே கதைதான்.

கரும்புகை:
சூட்டுமானி போடவில்லை, உண்மைதான். புகைப் பரிசோதனை விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?

கொட்டாஞ்சேனை கிளச்:
டீசலோடு 2டி ஓயில், அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஊற்றும் ஓயில், கலந்தால் பம்ப் நீண்டநாள் உழைக்கும் என்கிறார்களே, உண்மையா? என் பக்கத்து வீட்டுக்காரர் தாங்கி நிரப்பும்போதெல்லாம் ஒரு போத்தல் கவிழ்க்கிறார்.

வெள்ளவத்தை 57:
டீசலில் கந்தகத்தை எடுக்கும்போது, அதோடு சேர்ந்து வழுக்கும் தன்மை தரும் சில பொருட்களும் போய்விடும். அதை ஈடுசெய்ய டீசல் தயாரிக்கும் இடத்திலேயே மருந்து சேர்ப்பார்கள். உராய்வுச் சோதனையில் விழும் தழும்பு ஐரோப்பிய அளவுகோலில் 460 மைக்ரோனுக்குள், அமெரிக்க அளவுகோலில் 520க்குள் இருக்க வேண்டும். யூரோ 4 சூப்பர் டீசலில் கந்தகம் 50 பீபீஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, சாதாரண ஆட்டோ டீசலில் அதைவிட அதிகம். ஆகவே பழைய விஈ பம்புக்கு ஆட்டோ டீசல் ஊற்றுகிறவருக்கு 2டி ஓயில் மனத்திருப்தி. கொமன் ரெயிலுக்கு அதுவும் வேண்டாம்.

இன்னொன்று. வருடக்கணக்கில் ஆட்டோ டீசலில் ஓடிய பம்புக்குத் திடீரென்று சூப்பர் டீசல் மாற்றினால், ஊதிப் பழகிய பழைய நைட்ரைல் றப்பர் சீல்கள் சுருங்கி மேல் மூடியால் ஒழுகத் தொடங்கும். அமெரிக்காவில் 1993இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதே இது நடந்தது. அப்படி ஒழுகினால் டீசலைத் திட்டாமல் வைட்டன் என்ற வேறு வகை றப்பரின் சீல் கிட் போடுங்கள். பம்பை உண்மையில் கொல்வது தண்ணீர். அதை எந்த ஓயிலும் வெளியே எடுக்காது.

பம்ப்ரூம் நானா:
தண்ணீர் பற்றிச் சொன்னது சரி. 2022இல் எங்கள் மேசைக்கு வந்த பம்புகளை மறக்க மாட்டேன். மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய், டீசல் 460. யார் எதை எதில் கலந்தார்கள் என்று சொல்லவா வேண்டும்? ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெயை 340 ஆக்கிய பிறகுதான் கொஞ்சம் குறைந்தது. பிளஞ்சரை வெளியே எடுத்தால் கண்ணாடி போல மின்ன வேண்டும். அப்போது வந்தவை கிணற்றுக் கப்பி மாதிரி வரி விழுந்து இருந்தன. பீப்பாயில் சேர்த்து வைத்த டீசலால் கறள் பிடித்தவை வேறு.

வத்தளை மரக்கறிக்காரன்:
மன்னிக்கவும், ஒரு கிழமை எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை வேண்டுமென்றே களனிப் பாலம், பேலியகொடை, திரும்ப வத்தளை என்று நெரிசலில் ஒரு மணிநேரம் ஓட்டிச் சூடாக்கி, வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. சொலனொய்ட் 'டிக்' சத்தம் நன்றாகக் கேட்டது. மகளின் பழைய பள்ளிக்கூடத் துவாயை நனைத்து பம்பின் தலையில் போட்டேன். ஆவி கிளம்பியது. ஆறு நிமிடம் பொறுத்து சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே பிடித்தது. சந்தோஷப்படவா அழவா என்று தெரியவில்லை.

கண்ணாடிக் குழாயும் போட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று செக்கனுக்கு ஒரு சின்னக் குமிழ். அடுத்து ஒரு கேனில் டீசல் நிரப்பி, பொனட்டுக்கு மேலே தூக்கிக் கட்டி, பம்புக்கு நேராகக் கொடுத்து ஓட்டினேன். குமிழ் நின்றது. ஆக இரண்டு நோய்: பிரைமர் காற்று இழுக்கிறது, ஹெட் ரோட்டரும் தேய்ந்துவிட்டது.

தாங்கியை இறக்கினோம். அடியில் டீசல் இல்லை, தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர், அதில் மீன் செதில் மாதிரி கறள் தகடுகள். இந்த வண்டியை நான் வாங்கியது கொலன்னாவையில். 2016 மே வெள்ளத்தில் அந்தப் பக்கம் எத்தனை வண்டி மூழ்கியது என்று எல்லோருக்கும் தெரியும். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கேன் கேனாக வாங்கி ஊற்றிய பாவமும் என்னுடையதே.

நானா சொன்ன மாதிரி பம்பை மட்டும் கழற்றி ஒரு பம்ப் ரூமுக்குக் கொண்டுபோனேன். டெஸ்ட் பெஞ்சில் பூட்டி ஓட்டினார்கள். முன்னால் நான்கு கண்ணாடிக் குழாய்கள். வேகமாகச் சுற்றும்போது நான்கிலும் டீசல் ஒரே மட்டத்தில் ஏறியது. ஸ்டார்டர் வேகத்துக்குக் குறைத்ததும் நான்கிலும் அடியில் ஒரு விரல்கூட நிரம்பவில்லை. பம்பை ஓட்டிய பெடியன் சொன்னான்: ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் அந்த டெலிவரி வால்வு, நான்கிலும் சேர்ந்து குறைந்தால் பிளஞ்சர். பிளஞ்சரை வெளியே எடுத்துக் கையில் தந்தான். ஒரு பக்கத்தில் மங்கலான பட்டை. நகத்தால் உரசினால் தட்டுப்பட்டது.

வேறு ஹெட் ரோட்டரும் வைட்டன் சீல் கிட்டும் போட்டார்கள். பம்பின் வெளிக்கூடு என்னுடையதே. இறக்கிய கையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிட்டேன், அது அறுந்தால் ரொக்கர் எல்லாம் போய்விடும் என்று பாஸ் விரட்டினார். திரும்பப் பூட்டும்போது டயல் கேஜ் வைத்து டைமிங் பிடித்தார்கள். கண்மட்டத்தில் பிடிக்கிறேன் என்று சொன்ன ஒருவரை அதற்கு முன்பே வேண்டாம் என்று விட்டேன். பில்டருக்கு முன்னால் லொறிக்குப் போடும் அடியில் திருகு உள்ள தண்ணீர்ப் பிரிப்பான் ஒன்று, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கியது. தாங்கியைக் கழுவிய கூலி உட்பட எல்லாம் சேர்த்து, டுபாய்ப் பம்பின் விலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது.

நேற்றுக் கடுகண்ணாவையில் அதே கடை. வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்தினேன். பிளேன்டி குடித்தேன், ஒரு வடையும் சாப்பிட்டேன், கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு "இன்றைக்கும் நாற்பது நிமிடமா?" என்று கேட்டார். சாவியைத் திருப்பினேன், பிடித்தது.

பம்ப்ரூம் நானா:
அல்ஹம்துலில்லாஹ். முதல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கிழமைக்கு ஒருமுறை பிரிப்பானின் திருகைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்துப் பார். தாங்கி மூலையில் ஒட்டியிருந்த கறள் இன்னும் இறங்கும்.

கரும்புகை:
நானா, என் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வெளியே எடுக்க வேண்டும்? எங்கே இருந்தது என்று அடையாளம் போட மறந்துவிட்டேன்.

பம்ப்ரூம் நானா:
அதைப் பெஞ்சில் வைத்து அளந்துதான் சொல்லலாம். கொண்டுபோய்க் கெலிபிரேட் பண்ணு. வேறு யாரும் இதைப் படித்துவிட்டு ஸ்பானர் எடுக்க வேண்டாம்.

வத்தளை மரக்கறிக்காரன்:
ஒரு கடைசி உதவி. பிரைமரின் றப்பரை மட்டும் மாற்றினேன், ஆனால் பில்டரின் தலையில் மயிரிழை வெடிப்பு இருப்பதாகச் சந்தேகம். காலையில் இன்னும் ஒரு குமிழ் வருகிறது. பஞ்சிகாவத்தையில் ஒரிஜினல் பில்டர் தலை எங்கே கிடைக்கும்? மூன்று கடையில் கேட்டேன், மூன்றிலும் கொப்பி சாமான்.

சில்வர் ஹைலக்ஸ்:
ஸ்ரீ சங்கராஜ மாவத்தைப் பக்கம் உள்ளே போகும் சந்துகளில் ஜப்பான் ரீகண்டிஷன் சாமான் கடைகள் இருக்கின்றன. பழைய தலையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், படத்தைக் காட்டினால் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பூட்டு.